குதிரை மருத்துவமும் ஒரு பழைய பழியும்

தமிழகத்துக் குதிரை வாணிபத்தைப் பற்றி எழுதப் புகுவோர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவைத் தவறாமல் சான்றுக்கு அழைப்பர். அவர் 1292-ஆம் ஆண்டையொட்டிப் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கியவர். 1298-இல் ஜெனோவா நகரத்துச் சிறையிலிருந்தபோது தம் பயணச் செய்திகளைச் சொல்லிப் பிறரை எழுதச் செய்தவர். மாபார் எனப்பட்ட நம் கடற்கரை நாட்டை ஆண்ட அரசரும் அவருடைய உடன்பிறந்தார் நால்வரும் ஆண்டுதோறும் ஆளுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100 கூட உயிரோடு எஞ்சா என்றும் அவர் கூறுகிறார். காரணமும் கூறுகிறார். இந்நாட்டார் குதிரையைப் பேணத் தெரியாதவர். இங்கே குதிரை வைத்தியர் இல்லை. குதிரை கொண்டுவரும் வணிகர்கள் வைத்தியரைத் தம்மோடு அழைத்து வருவதுமில்லை, பிறர் வருவதை விடுவதுமில்லை. குதிரைகள் செத்தால்தானே மறுஆண்டும் விற்கலாம் என்பது அவர்கள் எண்ணம்.

இக்கூற்றில் இரண்டு பழிகள் உள்ளன. ஒன்று இந்நாட்டார் மீது. மற்றொன்று வணிகர் மீது. அவ்வணிகர் யாவர்? ஹுர்முஸ், கீஷ், ளுஃபார், ஏடன் துறைகளிலிருந்து காயலுக்கு மரக்கலம் செலுத்திய அரபு, பாரசீக முஸ்லிம்கள். அவர்களுள் சிலர் இக்கரையிலேயே தங்கி, மணந்து, மக்களைப் பெற்றனர். குதிரை வீரன் எனப் பொருள்படும் ‘ராவுத்தர்’ என்னும் பெயரை இன்றும் நம் குடும்பங்கள் தாங்கி நிற்கின்றன. ஆகவே, ‘வாங்கியவன் அறிவிலி, விற்றவன் வஞ்சகன்’ என்னும் இந்தத் தீர்ப்பில் இரு பக்கத்தாரும் நமக்கு உறவினரே. இதனை ஆராயாமல் எடுத்தெழுதுவோர் நம்மவரிலும் உளர் என்பதே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

போலோவுக்குத் துணைச் சாட்சியாக நிறுத்தப்படுபவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘தஜ்ஸியத்துல் அம்ஸார்’ என்னும் நூலை எழுதியவர். அவர் இந்நாட்டுக்கு வந்தவரல்லர். வளைகுடா வணிகர் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதியவர். ஆயினும் கணக்கு விவரங்களில் போலோவை விட நுணுக்கமானவர். கீஷ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் தம் சொந்தக் குதிரைகள் 1,400-ஐ அனுப்புவதென்றும், கதீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ், கல்ஹாத் ஆகிய இடங்களில் கிடைப்பனவற்றையும் சேர்த்து அனுப்புவதென்றும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலையென்றும் ஏற்பட்ட உடன்படிக்கையை அவர் குறிக்கிறார். அதற்கு முன் அத்தாபக் அபூபக்ர் காலத்தில் மாபார், கம்பாயத்து முதலிய துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் விலை 22 லட்சம் தீனார் என்றும் எழுதுகிறார். 220-ஐப் பதினாயிரத்தால் பெருக்கிப் பார்த்தால் கணக்குச் சரியாகவே வருகிறது.

கொட்டிலைப் பற்றி வஸ்ஸாஃப் தரும் செய்திதான் நமக்கு முக்கியமானது. இந்நாட்டில் குதிரைகளுக்குப் பச்சை வாற்கோதுமை கொடுப்பதில்லையாம். வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைப் புகட்டுவராம். கயிறும் முளையும் கொண்டு 40 நாள் கொட்டிலில் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பிறகு பழக்காமலே ஏறி ஓட்டுவராம். போலோவோ வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாகக் கொடுத்தனர் என்கிறார். ஒருவரையொருவர் அறியாத இருவர், ஒருவர் கண்டும் ஒருவர் கேட்டும் எழுதியவை அடிப்படையில் ஒத்துப்போகின்றன. எனவே இதனை வெறுங்கதை என்று தள்ளிவிட முடியாது.

இவ்விடத்தில் எம் சிறுவயது நிகழ்ச்சியொன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை.

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் ஜட்கா வண்டி வைத்திருந்த முதியவர் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் யாவரும் அவரை ‘நன்னா’ என்போம். எழுத்தறிவு இல்லாதவர், குதிரையைப் பொறுத்தவரை பேரறிஞர். விடியற்காலையில் ஏரிக்கரையில் அறுத்த அறுகம்புல்லை மண்போக உதறிவிட்டே போடுவார். ஊறவைத்து வேகவைத்த கொள்ளை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று பங்காக்கி வைப்பார். சவாரி முடிந்து வியர்வையோடு வந்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டாமல் தெருக்கோடி வரை இரண்டு முறை மெல்ல நடத்திச் செல்வார். இரவில் நான்கு குளம்பையும் ஒவ்வொன்றாக மடக்கித் தூக்கி, உள்ளே சிக்கிய கல்லையும் சாணத்தையும் மழுங்கிய கத்தியால் நீக்குவார். ‘கால் இல்லேன்னா குதிரை இல்லே’ என்பார்.

1979-ஆம் ஆண்டு ஒரு நாள் இரவு, எங்கள் உறவில் ஒரு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அவருடைய குதிரைதான் வந்தது. நன்னா விருந்துக்கு உட்கார்ந்த நேரத்தில், மிஞ்சிய நெய்ச்சோற்றை ஒரு பெரிய பாத்திரத்தில் குதிரைக்கு எடுத்துச் சென்று கொடுத்தோம். பாத்திரத்தைத் தூக்கிச் சென்ற இரண்டு சிறுவரில் நானும் ஒருவன். மணவீட்டுக்கு வந்த வாயில்லா ஜீவன் பசியோடு நிற்கலாகாது என்பதே பெரியவர்களின் எண்ணம். நள்ளிரவுக்கு முன்பே குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கிற்று. முன்காலால் மண்ணைப் பறித்தது. படுத்துப் புரள முயன்றது. நன்னா ஓமமும் இஞ்சியும் பெருங்காயமும் இடித்துக் காய்ச்சி மூங்கில் குழலில் புகட்டினார். புரளவிடாமல் இரவெல்லாம் நடத்தினார். சுபுஹு பாங்குக்கு முன் அது மாண்டது. மறுநாள் என் அத்தா பணம் கொடுக்கப் போனபோது நானும் கூடச் சென்றேன். அவர் யாரையும் வையவில்லை. என்னை அருகில் அழைத்து, ‘தம்பி, மாட்டுக்கு நாலு வயிறு, அசைபோட்டுத் தள்ளிடும். இதுக்கு ஒரே வயிறு, அதுவும் சிறுசு. வாந்தி எடுக்கவும் இதுக்குத் தெரியாது. உள்ளே போனது போனதுதான்’ என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. குதிரையின் இரைப்பை அதன் உடலளவுக்கு மிகச் சிறியது; பெரிய குதிரைக்கும் 15 லிட்டர் அளவைத் தாண்டுவது அரிது. புல்லைச் செரிக்கும் வேலை பின்குடலில் வாழும் நுண்ணுயிர்களால் நடைபெறுகிறது. வெந்த சோறோ மிகுந்த தானியமோ திடீரென உள்ளே சென்றால் இரைப்பையிலும் குடலிலும் புளித்துப் பொங்கும். அதன் விளைவு இரண்டு. ஒன்று வயிற்றுச் சூலை. மற்றொன்று அதனினும் கொடிய குளம்பழற்சி. குடலில் தோன்றும் நஞ்சு இரத்தத்தில் கலந்து, குளம்பின் ஓட்டையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மென்தசையை அழற்றுகிறது. குதிரை முன்கால்களை நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும். முற்றினால் மீண்டும் நடவாது. இக்காலக் கால்நடை மருத்துவர் மூக்கின் வழியே குழாய் செலுத்தி இரைப்பையின் அழுத்தத்தைக் குறைப்பர், வலிபோக்கும் ஊசியிடுவர். வாய்வழியே கஷாயம் புகட்டினால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்துண்டு என்றும் எச்சரிப்பர். நன்னாவின் பெருங்காயத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள். அவருடைய மூன்று பங்குக் கொள்ளையும் வியர்வை ஆறும் நடையையும் மறுக்கவும் மாட்டார்கள்.

இனி வஸ்ஸாஃபின் கொட்டிலைத் திரும்பப் பாருங்கள். நாற்பது நாள் கட்டிப்போட்ட குதிரை, வறுத்த தானியம், நெய், பால். கடலில் பல நாள் அசைவின்றி நின்று, மெலிந்து வந்திறங்கிய விலங்குக்கு இத்தனை விருந்து. சூலைக்கும் குளம்பழற்சிக்கும் இதைவிட நேரான வழி வேறில்லை. அரசன் கொட்டிலில் நடந்தது வெறுப்போ கஞ்சத்தனமோ அன்று. 220 தீனார் கொடுத்து வாங்கிய விருந்தாளிக்கு வீட்டில் உள்ளவற்றுள் சிறந்ததை ஊட்டினார்கள். எங்கள் தெருவில் நாங்கள் செய்ததும் அதுவே.

அரபு மொழியில் குதிரை மருத்துவத்தை ‘பைத்தரா’ என்பர். அதனைச் செய்பவர் ‘பைத்தார்’. லாடம் கட்டுபவரும் நோய் தீர்ப்பவரும் அவரே. ஐரோப்பியர் வழக்கிலும் அக்காலத்தில் அவ்விரு தொழிலும் ஒருவரிடமே இருந்தன. எனவே போலோவின் சொல்லை ‘லாடம் கட்டுபவர்’ என்று மட்டும் தமிழாக்கினால் பொருள் பாதி நழுவிப்போகும். ஹிஜ்ரீ மூன்றாம் நூற்றாண்டிலேயே இப்னு அகீ ஹிஸாம் குதிரையேற்றத்தையும் பைத்தராவையும் பற்றி நூல் செய்தார். 1340-இல் மறைந்த அபூபக்ர் இப்னு பத்ர் என்பவர் மிஸ்ரு நாட்டு சுல்தான் அந்நாஸிர் முஹம்மது இப்னு கலாவூனின் இலாயத்தில் தலைமைப் பைத்தாராக இருந்தவர். அவர் எழுதிய பெருநூலுக்கு ‘காமிலுஸ் ஸினாஅத்தைன்’ என்று பெயர். ‘இரண்டு கலைகளின் நிறைவு’ என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

எந்த இரண்டு கலைகள் என்பதே கேள்வி. நூலின் முழுப்பெயரே விடை தருகிறது: பைத்தரா ஒன்று, ஸர்தகா மற்றொன்று. முன்னது நோய் தீர்த்தல்; பின்னது குதிரையை வளர்த்துப் பழக்கிப் பேணுதல். மதரசாவில் ஓதியவர்கள் ‘ஸினாஅத்தைன்’ என்னும் இருமை வடிவத்தைச் சாதாரணமாகக் கடந்துவிடமாட்டார்கள். நோய் தீர்ப்பது வேறு, நோய் வராமல் வைத்திருப்பது வேறு. இரண்டும் தனித்தனிக் கலை என்று ஆசிரியர் தலைப்பிலேயே பிரித்து வைத்திருக்கிறார். குதிரையின் முகத்தைத் தம் மேலாடையால் நபிகள் நாயகம் (ஸல்) துடைத்துவிட்டதாக இமாம் மாலிக்கின் முவத்தாவில் ஒரு செய்தி வருகிறது. அதுவும் ஸர்தகாவைச் சேர்ந்ததே.

மாபார் நாட்டில் இல்லாதது எது? போலோ தம் கூற்றில் முதலில் வைப்பது பேணத் தெரியாமையை. வைத்தியர் இன்மையை அதற்கு அடுத்தே வைக்கிறார். பின்வந்த எழுத்தாளர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வணிகரின் சூழ்ச்சியை முன்னே நிறுத்திவிட்டனர். சூழ்ச்சிக் கதை சுவையானது; தீனிக் கதை சுவையற்றது. நீலகண்ட சாஸ்திரியார் 1939-இல் அயல்நாட்டார் குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கியபோது இரு சாட்சிகளையும் ஒரே நூலில் காண வழி செய்தார். அவற்றை அடுத்தடுத்துப் படித்தாலே உண்மை விளங்கும். கொட்டிலில் நாற்பது நாள் நடந்த தவற்றை எத்தனை பைத்தார் வந்தும் நாற்பத்தொன்றாம் நாளில் தீர்த்திருக்க முடியாது.

சூழ்ச்சிப் பழியை வேறு வழியிலும் சோதிக்கலாம். வஸ்ஸாஃப் கூறும் உடன்படிக்கையின்படி, கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலமே விலை கொடுத்தது. இது வணிகருக்குச் சாதகமான ஏற்பாடு என்பதை மறைக்கவேண்டியதில்லை, நட்டம் அவர்களுடையதன்று. ஆனால், ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் அதே பாண்டியனுக்கு அமைச்சராக இருந்து, காயல் உள்ளிட்ட துறைகளை நிருவகித்தார் என்பதையும் வஸ்ஸாஃபே கூறுகிறார். தம் அரசனுடைய குதிரைகள் ஆண்டுதோறும் செத்தொழிய வேண்டுமென்று ஓர் அமைச்சர் விரும்பியிருப்பார் என்பது நம்பத்தக்கதன்று. தவிர, குதிரை விற்றவர் அரபியர் மட்டுமல்லர். சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகின்றனர். எல்லா இனத்து வணிகரும் கூடிப் பல தலைமுறைகளாக ஒரே இரகசியத்தைக் காத்தனர் என்பதைவிட, இந்நாட்டு வெப்பமும் ஈரமும் தீனியும் குதிரைக்கு ஒவ்வவில்லை என்பது எளிய விளக்கம். லாபம் கண்டவர்கள் இந்த ஒவ்வாமையைத் திருத்த விரையவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த அளவுக்குப் பழியை ஏற்பதில் எமக்கு மறுப்பில்லை.

போலோ அறிய முடியாத வேறொரு காரணமும் உண்டு. 1880-இல் பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கான் பகுதியில் குதிரைகளும் ஒட்டகங்களும் மாண்டபோது, கிரிஃபித் எவான்ஸ் என்னும் மருத்துவர் அவற்றின் இரத்தத்தில் நெளியும் ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டார். ‘சர்ரா’ என்று வழங்கும் அந்நோயை, இரத்தம் உறிஞ்சும் பெரிய ஈக்கள் ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்குப் பரப்புகின்றன. காய்ச்சல் விட்டு விட்டு வரும். தீனி தின்றும் உடல் இளைக்கும். காலும் அடிவயிறும் வீங்கும். மருந்திடாவிட்டால் குதிரை பிழைப்பது அரிது. மாடுகளோ அதே ஒட்டுண்ணியைத் தாங்கிக்கொண்டு வெளிக்குச் சுகமாகவே நிற்கும். மாடு நிறைந்த நாட்டில், மழைக்காலத்தில், ஆயிரக்கணக்கான அயல்நாட்டுக் குதிரைகளை வரிசையாகக் கட்டினால் என்ன ஆகும்? வறண்ட பாலையிலிருந்து வந்த குதிரைகளுள் சில ஈரமான வெப்பத்தில் வியர்க்கும் ஆற்றலையே இழந்து மூச்சிரைத்து வீழ்வதும் உண்டு. இந்நாட்டில் பிறக்கும் குட்டிகள் கால் கோணி, ஏறத் தகாதனவாக இருந்தன என்று போலோ சொல்லும் செய்தியையும் இவ்வகையில் நோக்க இடமுண்டு. தவிடு மிகுந்து சுண்ணச் சத்துக் குறைந்த தீனியால் குதிரையின் எலும்பு வலுவிழக்கும் என்பது இன்று நன்கறிந்த உண்மை.

தமிழ்ப் புலவர்களிடம் எமக்கொரு குறை உண்டு. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே காட்டிவிட்டது. போலோவுக்கு ஓராயிரம் ஆண்டுக்கு முன்பே இவ்வாணிபம் இருந்தது. எங்கள் மாவட்டத்துத் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். அவனால் கொல்லப்பட்ட கொல்லிமலை ஓரியின் குதிரையும் ஓரியே. கல்வராயன் மலைக்கு இருபுறத்தும் இருந்த இரண்டு தலைவர்கள் தம் பெயரையே குதிரைக்கும் இட்டு வழங்கியிருக்கிறார்கள். இதைவிட நெருங்கிய உறவு வேறென்ன? ஆயினும் காரி எதைத் தின்றது, அதன் குளம்பை யார் பார்த்தார் என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. பிடரியும் நடையும் போர்க்களமுமே புலவர் கண்ணுக்குப் பட்டன. வடமொழியில் சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வழங்கும் நூல்களில் இலக்கணமும் உண்டு, சிகிச்சையும் உண்டு. தஞ்சை சரசுவதி மகால் நகுலனின் அசுவசாத்திரத்தை 1952-இல் வண்ணப் படங்களோடு அச்சிட்டது. சாலிஹோத்திரம் பாமினி சுல்தான்கள் காலத்தில் பாரசீகத்திற்கும் சென்றது. குதிரை மருத்துவரை உருதுவில் ‘ஸலோத்ரி’ என்பது அப்பெயரின் சிதைவே. நம் புலவர்களோ அப்பெருஞ்செல்வத்திலிருந்து சுழியையும் நிறத்தையும் கதியையும் எடுத்துக்கொண்டு, சிகிச்சையை ஏட்டிலேயே விட்டுவிட்டார்கள். அந்தியூரில் ஆடி மாதம் கூடும் குதிரைச் சந்தையில் இன்றும் சுழி பார்த்து விலை பேசுவோரைக் காணலாம். சுழி எவ்விடத்தில் இருந்தாலும் குதிரைக்குச் சூலை வராமல் இருக்கப் போவதில்லை.

உமறுப் புலவரும் இதற்கு விலக்கல்லர். சுறாக்கத்தின் குதிரை பூமியில் கால் புதைந்து நிற்கும் இடம் சீறாப்புராணத்தில் சிறப்புற அமைந்துள்ளது. அங்கு அற்புதமே பொருள். கொட்டிலை அவரிடம் எதிர்பார்ப்பது முறையாகாது.

திருவிளையாடற் புராணத்தை மட்டும் சற்று நிதானித்துப் படிக்கலாம். பாண்டியன் பொன்னைக் கொடுத்துக் குதிரை வாங்க மாணிக்கவாசகரை அனுப்புகிறான். பொன் கோயில் திருப்பணிக்குச் செலவாகிறது. இறைவனே குதிரை வணிகனாக வந்து, நரிகளைப் பரிகளாக்கிக் கொடுத்து, அவற்றின் இலக்கணத்தையும் அரசனுக்கு எடுத்துரைக்கிறான். அன்று இரவே அவை மீண்டும் நரிகளாகி, கொட்டிலில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிடுகின்றன. பக்தர்களுக்கு இது இறைவன் திருவிளையாடல். அந்நம்பிக்கையில் நாம் தலையிடவில்லை. ஆனால் கதை நடப்பது எங்கே என்று பார்க்கவேண்டும். கருவூலத்துப் பொன் போயிற்று. நேற்று மாலை கண்ணைப் பறித்த குதிரை விடியலில் இல்லை. புதிதாக வந்தவை பழையவற்றையும் அழித்துவிட்டன. இப்படியொரு காலைப்பொழுதைப் பாண்டிய நாட்டு இலாயங்கள் பலமுறை கண்டிருக்கவேண்டும் என்பது எம் எண்ணம். வந்திறங்கிய கூட்டத்திலிருந்து கொட்டிலில் இருந்தவற்றுக்கு நோய் தொற்றும் என்பதைக் குதிரைக்காரர் எவரும் அறிவர். அதனால்தான் புதுக்குதிரையைச் சில வாரம் தனியே கட்டுவது வழக்கம்.

புராணத்தில் அரசன் அமைச்சரைத் தண்டிக்கிறான். விடியலில் ஓடிவந்து முறையிட்ட கொட்டில் காவலரை அழைத்து, இரவு குதிரைகளுக்கு என்ன தீனி வைத்தீர்கள், எங்கே கட்டினீர்கள் என்று அவன் ஒரு சொல்லும் கேட்கவில்லை.